கீழ்க் கட்டில், பத்தொன்பதாம் அறை

இப்போது என்ன படிக்கிறாய் என்று
நேற்று ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாய், தவசிமுத்து.
பின்னால் யான்புவின் காற்று,
யாரோ குழாயைச் சுத்தியலால் தட்டும் ஓசை.

எப்படிச் சொல்ல.
நீ விட்டுப்போன அதையேதான்.

ஜுபைல் முகாமில் எட்டு மாதம்
ஒரே மெத்தையில் படுத்தோம், சேர்ந்து அல்ல.
என் பகல் ஷிப்ட் முடிந்து நான் இறங்கும்போது
நீ எதிர் பஸ்ஸில் ஏறியிருப்பாய்.
உன் முகத்தைவிட
தலையணையில் நீ விட்ட பள்ளம்தான் எனக்குப் பழக்கம்.
வெள்ளிக்கிழமை மட்டும் நேரில்;
அன்றைக்கும் நீ துணி துவைப்பாய்,
நான் சோற்று வரிசையில் நிற்பேன்.

தலையணைக்கும் சுவருக்கும் நடுவே அந்த நாவல்.
அட்டை இல்லை. முதல் நாலு பக்கம் இல்லை.
ஆகவே பெயரும் இல்லை, எழுதியவரும் இல்லை.
யாருடைய முறுக்கு டப்பாவோடோ வந்தது:
நூற்றுப் பன்னிரண்டில் எண்ணெய்க் கறை,
பாதிக் கிணற்றுக்கு வழக்குப் போட்ட அருளாயி
கோர்ட்டில் முதன்முதலாய் வாய் திறப்பதே
அந்தக் கறைக்குள்தான்.

உனக்கு ரீசார்ஜ் அட்டை அடையாளம்,
எனக்குக் கடைச் சீட்டு (தயிர், சோப்பு, கீரை).
ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே
உன் அட்டை எங்கே நிற்கிறதென்று பார்ப்பேன்.
இருபது பக்கம் நகர்ந்திருந்தால்
உனக்குத் தூக்கமில்லை, ஊரிலிருந்து ஏதோ போன்.
நகராமலே கிடந்தால்
கிரேன் நின்றுபோய் ரெண்டு ஆள் வேலையை
நீ ஒருவனே இழுத்திருக்கிறாய்.

வக்கீல் வருமிடத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய்,
‘இவனை நம்பாதே’.
கீழே நான் எழுதினேன்,
‘முன்கூட்டிச் சொல்லாதே, பாவி’.

என் வேலை உனக்குத் தெரியும்.
தொட்டி வாயில் உட்கார்ந்து
உள்ளே போகிறவன் பெயர், நேரம் எழுதுவது;
வெளியே வந்தால் எதிரே ஒரு கோடு.
புத்தகம் கையில் இருக்கக் கூடாது.
ஆனால் பன்னிரண்டு மணி நேரமும்
அருளாயியை நினைத்துக்கொண்டிருப்பதைத் தடுக்க
சேஃப்டி ஆபீசரிடம் படிவம் எதுவும் இல்லை.

உன்னை மாற்றிய அன்றைக்கு
பெட்டி போயிருந்தது, போர்வை, செருப்பு,
சர்க்கரை மாத்திரை எல்லாம் போயிருந்தன.
நாவல் மட்டும் சுவரோரம்.
அட்டை இருநூற்று எழுபத்தெட்டில்.
மீதி ஒரு விரல் கனம்கூட இல்லை.

நான் ஒருநாளும் உன்னைத் தாண்டிப் போனதில்லை.
இப்போது முயன்று பார்த்தேன், முடியவில்லை.
என் சீட்டு உன் அட்டைமேல் ஒட்டிக்கிடக்கிறது,
தயிர் விலை மங்கிவிட்டது.
புது ஆள் தேக் பகதூருக்கு இந்த எழுத்து தெரியாது.
ஆனாலும் விரிப்பை உதறிவிட்டு
புத்தகத்தை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறான்.

அடுத்து என்ன என்றும் கேட்டிருந்தாய்.
நீ டிசம்பரில் போகிறாய், நான் சித்திரையில்.
அந்த மூன்று பாகத்தையும் நீ வாங்கு;
மெலிந்தவை ரெண்டு என் பொறுப்பு.
முப்பது கிலோவில் ஆறு கிலோவை
உன் அக்கா ஊறுகாய்க்குக் கேட்பாள்.
ஊறுகாய் இங்கேயே கிடைக்கிறது என்று சொல்.
மெஸ் நூர்தீனிடம் ஒரு கொலைக் கதை இருக்கிறதாம்.
‘துப்பறிகிறவளே கடைசியில்’ என்று ஆரம்பித்தான்,
ஓடிப்போய் வாயைப் பொத்தினேன்.
அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்.

இன்றிரவு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து
இருநூற்று எழுபத்தொன்பதை வாசித்து அனுப்புகிறேன்.
ஏசி இரைச்சல் விழும், பொறுத்துக்கொள்.
நீ கேட்டதற்கு நீலக் கோடு விழுந்த பிறகுதான்
ரெண்டு அடையாளத்தையும் சேர்த்து நகர்த்துவேன்.
நாளைக்கு ஒரு பக்கம். மறுநாள் ஒன்று.

பின்னட்டையும் கிழிந்த புத்தகம்.
கடைசித் தாள் இருக்கிறதா என்று
நான் புரட்டிப் பார்க்கவில்லை.
நீயும் கேட்காதே.